தூணோரப் பெஞ்சு

பிப்ரவரி 26, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததிலிருந்து தலைவலி. புதுச் சாமியார் ஃபாதர் ரெஜிஸ் வந்து நாற்பது நாள் ஆகவில்லை, அதற்குள் கோயிலைத் தலைகீழாக்கப் பார்க்கிறார். தவக்காலத்து முதல் ஞாயிறு. பாவம், மனந்திரும்புதல் என்று மனுஷன் ஏதாவது சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். இல்லை. "அடுத்த ஞாயிறு முதல் சமாதானம் சொல்லும்போது பொதுவாகக் கும்பிடுவது வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார்.

ஏற்கெனவே இந்தக் கோயிலில் இரண்டு பேர் ஒரே மாதிரி ஜெபம் செய்வது கிடையாது. மேலத்தெருக்காரர்கள் முழங்காலில் விழுந்தால் எழுந்திருப்பதில்லை. ஜெபக்குழுப் பெண்கள் பரலோக மந்திரத்துக்கு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பின்னால் இருப்பவர்களுக்குப் பீடத்தை மறைக்கிறார்கள். துபாய்க்குப் போய்வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், கூட்டத்தைக் கலைக்க வந்த போலீஸ் மாதிரி. எழுந்து நில்லுங்கள் என்றால் பாதிக் கோயில் உட்காரும். இதில் கையைப் பிடிப்பது ஒன்றுதான் குறைச்சல்.

கும்பிடு வசதியானது. பீடத்தைப் பார்த்து ஒன்று, கொஞ்சம் வலது, கொஞ்சம் இடது. எல்லாருக்கும் போட்ட மாதிரியும் இருக்கும், யாருக்கும் போடாத மாதிரியும் இருக்கும்.

என் இடம் ஆண்கள் பக்கம், அந்தோணியார் சுரூபத்துக்கு எதிரே, தூணை ஒட்டிய குட்டிப் பெஞ்சு. அப்பா செய்து போட்டது. இரண்டு பேருக்கு மேல் கொள்ளாது. நடைபாதை ஓரம் நான். தூண் ஓரம் என் தம்பி பெர்க்மான்ஸ். எனக்குப் "பக்கத்தில் இருப்பவர்" என்று இந்த உலகத்தில் அவன் ஒருத்தன்தான்.

பேச்சு நின்று ஒன்பது வருஷம். என் ஹார்டுவேர் கடையிலேயே தொழில் படித்து, என் கடைக்கு எதிரிலேயே பெயின்ட் கடை போட்டவன். ஞாயிறுதோறும் நடுவில் ஒரு பாட்டுப் புத்தகம் அளவு இடம் விட்டு உட்காருகிறோம். நான் எழுந்து வேறு இடத்துக்குப் போனால் அவன் ஜெயித்ததாக ஆகிவிடும். அவனும் அப்படித்தான் நினைக்கிறான், எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 28, செவ்வாய்

பிவிசி குழாய் லோடு வந்தது. இரண்டு கட்டில் விரிசல். டிரைவரிடம் கத்தியதில் தொண்டை போயிற்று.

சாயங்காலம் பிலோமி தூக்குவாளியோடு ஜெபக்குழுவுக்குக் கிளம்பினாள். ஜெபத்துக்கு எதற்கு மீன்குழம்பு என்றேன். "ஜெபிச்சா பசிக்கும்" என்றாள். முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியும் இவள் பதிலுக்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

கோயிலா பஸ் ஸ்டாண்டா என்று தெரியவில்லை. சாமியார் "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம்" என்றதுதான் தாமதம், ஆள் ஆளுக்கு இடம் விட்டு இடம் ஓடுகிறார்கள். ஒரு குடும்பம் மூன்று வரிசை தாண்டிப்போய்ச் சம்பந்தியின் கையைப் பிடித்தது. நான் பீடத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அவனும் அசையவில்லை. வலது கை ஜிப்பாப் பைக்குள். முன்பெல்லாம் முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டுவான். இப்போது ஜிப்பா. பெரிய மனுஷனாகிவிட்டானாம். ஜனவரியில் மூன்று வாரம் ஆளையே காணோம். மதுரையில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றார்கள். போய் வந்ததிலிருந்து திமிர் இன்னும் ஏறியிருக்கிறது. எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது இவன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான். பூசை தொடங்கும்போது நெற்றியில் சிலுவைகூடப் போடவில்லை. நான் அவன் பக்கம் திரும்புவதில்லை. இதெல்லாம் ஓரக்கண்ணில் பட்டது.

மார்ச் 7, செவ்வாய்

சாமியார் தங்கும் பங்களாவுக்குப் போய் அவரைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். காப்பி கொடுத்தார். நல்ல காப்பி. அதற்காக விஷயத்தை விட்டுவிட முடியாது.

"சாமி, கும்பிடுறது நம்ம மண்ணு வழக்கம். கையைப் பிடிச்சுக் குலுக்குறது வெள்ளைக்காரன் வழக்கம். கோயில்ல அது எதுக்கு?"

"நல்ல கேள்விங்கய்யா. நீங்க கும்பிடும்போது யாரைப் பாத்துக் கும்பிடுறீங்க?"

"பொதுவா."

"பொதுவா இருக்கிறவர் எந்தத் தெரு?"

எனக்குச் சுருக்கென்றது. சாமியார் சிரிக்கவில்லை. காப்பி தம்ளரை எடுத்துக்கொண்டு, "உங்க பெஞ்சுல ரெண்டு பேருதானே அய்யா?" என்றார்.

இந்த ஊரில் நாக்கு உள்ளவர்கள் அதிகம். எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 9, வியாழன்

ஆயருக்கு மனு எழுதிவிட்டேன். "தொன்றுதொட்டு வரும் எம் பண்பாட்டு வழக்கமான கைகூப்புதலே இறைமக்களின் மனத்துக்கு உகந்தது." எழுதியது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பிலோமியிடம் படித்துக் காட்டினேன்.

"தம்பி கையைப் பிடிக்க மாட்டேன்னு ஒரு வரியில எழுதலாம்லா? எதுக்கு இம்புட்டுக் காயிதம்?"

"அவனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இது பண்பாடு. அவன்கிட்டப் பேச்சு நின்னே ஒன்பது வருசம் ஆச்சு."

"ஆறு" என்றாள். "கடை போட்டுத்தான் ஒன்பது. அதுக்குப் பொறவும் மூணு வருசம் பேசிக்கிட்டுத்தான் இருந்தீய. அவரு கடைத் திறப்புக்கு ரிப்பன் வெட்டினதே நீங்கதான். திரேசா செத்ததுக்குப் பொறவுதான் நின்னுச்சு."

திரேசா என்பது தம்பியின் மனைவி. பெண்களுக்கு வருஷக்கணக்கு மட்டும் மறப்பதே இல்லை.

மார்ச் 11, சனி

கையெழுத்துக்கு அலைந்ததில் கால் வீங்கிவிட்டது. ஆனால் ஜனங்கள் நம் பக்கம். கொத்தனார் சிலுவைராஜ், "சிமென்ட் தின்ன கை அண்ணாச்சி, யாரு பிடிப்பா?" என்று உடனே போட்டான். மீன்கடைத் தங்கப்பூ, "எம் பக்கத்துல ரெண்டு டீச்சர் உக்காருதாவ. சாளை வாடையில அவிய மூக்கைப் பிடிப்பாவளா, எங் கையைப் பிடிப்பாவளா?" என்று கேட்டுவிட்டுப் போட்டாள்.

கீழத்தெரு அற்புதம் மட்டும் போடவில்லை. புருஷன் இல்லை, பிள்ளைகள் வெளியூர். "வாரத்துல ஒரு நாளு ஒரு மனுச எங் கையைத் தொடுதாவ. அதையும் நிறுத்தணுமா அண்ணாச்சி?" என்றாள். கால் மணி நேரம் வீண்.

மொத்தம் நாற்பத்தெட்டு.

மார்ச் 12, ஞாயிறு

அறுபத்தொன்று. உபதேசியார் தொம்மை மீதி ஆட்களிடம் வாங்கிவந்தார். பூசையில் சாமியாருக்கு உதவியாக வேதபாடம் சொல்லும் மனுஷன். அவரே சேர்ந்துவிட்டார் என்றால் சாமியாருக்கு ஊரில் யார் இருக்கிறார்கள்?

கடைசித் தாளில் ஐம்பத்தேழாவது கையெழுத்தைப் பார்த்துத் தூக்கிவாரிப்போட்டது. பெர்க்மான்ஸ்.

"அவரே கேட்டு வாங்கிப் போட்டாரு" என்றார் தொம்மை.

கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து. எங்கள் வீட்டில் அவன் எழுத்துத்தான் முத்து முத்தாக இருக்கும். என் கடையின் முதல் போர்டே அவன் எழுதியதுதான். ஏளனமாகக் கிறுக்கியிருக்கிறான். என்னோடு கை கோக்க வேண்டாம் என்பதற்கு அவ்வளவு அவசரம். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடித்தால் அறுபதாகிவிடும். விட்டுவிட்டேன்.

மார்ச் 15, புதன்

மனுவைப் பதிவுத்தபாலில் அனுப்பியாயிற்று.

எதிர்க்கடை ஷட்டரை இப்போதெல்லாம் அங்கே வேலை செய்யும் செல்வராணிதான் தூக்குகிறாள். பெயின்ட் கலக்குவதும் அவள்தான். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணால் காட்டுகிறார். நான் அறுபத்திரண்டு வயதில் இன்றைக்கும் மூட்டை தூக்குகிறேன். சைக்கிள் கேரியரில் தேங்காய்க் கயிறு கட்டி ஊர் ஊராக விற்றவன் நான். அப்போது பின்னால் ஓடி வந்து தள்ளினவன்தான் இவன். எல்லாம் மறந்துவிட்டது.

மார்ச் 19, ஞாயிறு

அவன் பாட்டுப் புத்தகம் என் காலடியில் விழுந்தது. நான் எடுக்கவில்லை. குனிந்து இடது கையால் துழாவி எடுத்தான், வெகுநேரம். நற்கருணை அப்பத்தைக் கையில் வாங்குவதுதான் நாகரிகம் என்று முன்பு சண்டை போட்டவன், இப்போது வாயைத் திறந்து நாக்கில் வாங்குகிறான். நிலையான புத்தி கிடையாது.

மார்ச் 26, ஞாயிறு

இதை எழுதியே ஆகவேண்டும்.

சமாதானம் சொல்லும் நேரத்தில் சாமியார் பீடத்தை விட்டு இறங்கி, நேரே எங்கள் பெஞ்சுக்கு வந்தார். என் கையைப் பிடித்து "சமாதானம் அய்யா" என்றார். சாமியார் கையைத் தட்டிவிட முடியுமா? கொடுத்தேன். அப்புறம் அவனிடம் நீட்டினார். அவன் இடது கையைக் கொடுத்தான்.

சாமியாருக்கு! இடது கை! பிச்சைக்காரனுக்குக்கூட இடது கையால் யாரும் கொடுக்கமாட்டார்கள். பெண்கள் பக்கம் குசுகுசுவென்று ஆயிற்று. சாமியார் முகம் ஒரு நொடி என்னவோ ஆனது, பிறகு அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிலோமியிடம், "பாத்தியா உன் கொழுந்தனை? சாமியாருக்கே இடது கை காட்டுதான், கொழுப்பு எங்க போயி நிக்குது பாரு" என்றேன். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

அவள் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். அப்படியே கீழே போட்டாள்.

"அவருக்கு வலது கை இல்ல."

"என்னது?"

"இருக்கு. தொங்குது. ஜனவரியில பக்கவாதம் வந்துட்டு. மதுரையில ஆஸ்பத்திரியிலதான் கெடந்தாரு, மக வீட்டுல இல்ல. காலு நல்லாயிட்டு, கை வரல. செவ்வாய்க்கெழமை செவ்வாய்க்கெழமை நான் அவரு வீட்டுக்குத்தான் கொழம்பு கொண்டு போறேன். ஜெபக்குழு வெள்ளிக்கெழமை. அதுகூடத் தெரியாம ஒரு மனுசன்!"

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. 'பஜாருக்குத் தெரிஞ்சா போவட்டும் மைனி, அண்ணனுக்குத் தெரியக்கூடாது'ன்னாரு."

மத்தியானம் சாப்பிடவில்லை.

மார்ச் 27, திங்கள்

ஆணி 2 இஞ்ச், 3 இஞ்ச் தீர்ந்துவிட்டது. தார்ப்பாய் ஆர்டர் போட வேண்டும்.

மார்ச் 28, செவ்வாய்

பிலோமி தூக்குவாளியை எடுத்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. நேற்றே மார்க்கெட்டில் சீலா மீன் வாங்கி வைத்திருந்தேன். அதைத்தான் குழம்பு வைத்திருந்தாள்.

மார்ச் 30, வியாழன்

இந்த டைரியை யாரும் படிக்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

எங்கள் பஜாரில் சவ ஊர்வலம் போனால் எல்லாக் கடையும் ஷட்டரை முக்கால் இறக்கும். யார் சவமானாலும், எந்த மதமானாலும். பிரேதம் தாண்டியதும் தூக்குவோம். இரண்டு நிமிஷம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் திரேசாவைக் கொண்டுபோனபோது நான் இறக்கவில்லை. தம்பி மனைவி செத்ததையே கோயில் மணி அடித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். தம்பி எனக்கு ஆள் அனுப்பவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு எதற்குப் போக வேண்டும் என்று கடையிலேயே இருந்தேன். பிரேதத்துக்குப் பின்னால் அவன் நடந்து வந்தான். கடை முன்னால் வந்ததும் நிமிர்ந்து பார்த்தான். ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தது. உள்ளே லைட் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் தொம்மையை விட்டுச் சொல்லி அனுப்பினேன், லோடு இறங்கிக்கொண்டிருந்தது, கவனிக்கவில்லை என்று. எல்லாரிடமும் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

லாரி மத்தியானமே போய்விட்டது.

பெண்டாட்டி செத்துக் கிடக்கும்போது யார் யாருக்கு ஆள் அனுப்புகிறோம் என்று எவனுக்கு நினைவிருக்கும்? இது எனக்கு அப்போதே தெரியாதா?

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

நான் ஜெயித்துவிட்டேன். ஆயர் இல்லத்திலிருந்து பதில் வந்ததைச் சாமியாரே வாசித்தார். இந்தப் பங்கின் வழக்கப்படி கைகூப்பிச் சமாதானம் சொன்னால் போதும். வரும் ஞாயிறு, உயிர்ப்புத் திருநாள் முதல். "வழக்கம் இன்னும் கொஞ்சம் முன்னேறலாம். எல்லாரும் பக்கத்தில் இருப்பவரை நோக்கித் திரும்பி, அவரைப் பார்த்துக் கும்பிடுங்கள்" என்று தன் பங்குக்கு ஒரு ஆணியும் அடித்தார்.

வெளியே குருத்தோலையோடு வந்தவர்கள் எல்லாம் என் தோளில் தட்டினார்கள். "அண்ணாச்சின்னா அண்ணாச்சிதான்!" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாமியார் அதை வாசித்தபோது பெஞ்சில் அவன் இடது கையில் ஓலை வைத்திருந்தான். அதை மடியில் போட்டுவிட்டு, ஜிப்பாப் பையைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையைப் பிடிப்பதற்காவது ஒரு கை போதும், இடதோ வலதோ. கும்பிட இரண்டு கை வேண்டும். அவன் கையெழுத்துப் போட்டது கையைக் காட்டாமல் தப்பிக்க. இப்போது என் பக்கம் திரும்பிக் கும்பிட்டால் நானே பார்த்துவிடுவேன். அடுத்த ஞாயிறு அவன் வரமாட்டான். அதற்கடுத்த ஞாயிறும் வரமாட்டான். எனக்கு அவனைத் தெரியும்.

ஏப்ரல் 4, செவ்வாய்

பங்களாவுக்குப் போய், "சாமி, அந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கிடுதேன்" என்றேன்.

சாமியார் காப்பியை நீட்டினார். "அய்யா, நீங்கதான் பண்பாடுன்னு எழுதினீங்க. அறுபத்தொரு பேரு. ஆயர் பதிலே போட்டுட்டார்."

"பண்பாடு கொஞ்சம் பொறுத்துக்கிடும்."

"ஏன்னு சொன்னீங்கன்னா நான் ஏதாவது செய்யலாம்."

அவன் மறைப்பதை நான் எப்படிச் சொல்வது? காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். கதவுவரை வந்தவர், "அந்தக் கை குளிர்ச்சியா இருந்துச்சு அய்யா" என்றார். இவருக்கும் தெரியும். என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

பிலோமியிடம், "ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு வரச்சொல்லு" என்று மட்டும் சொன்னேன்.

"யாரு சொன்னான்னு சொல்ல?"

"மீன் வாங்கினவன் சொன்னான்னு சொல்லு."

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

எல்லாக் கடையும் அடைப்பு. மாடியிலிருந்து பார்த்தால் என் ஷட்டரும் அவன் ஷட்டரும் எதிரெதிரே இறங்கிக் கிடக்கின்றன. அவனுடையது துருப்பிடித்திருக்கிறது. பெயின்ட் கடைக்காரன்!

ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு

நடுச்சாமப் பூசைக்குப் போகவில்லை. காலைப் பூசைதான் எங்கள் பழக்கம். அரை மணி முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். தூண் ஓரம் காலி. முதல் பாட்டு முடிந்தது. காலி. எனக்கு ஏனோ கோபம் கோபமாக வந்தது. வாசகம் தொடங்கும்போது ஜிப்பா வந்து, என் முழங்காலைத் தாண்டி, தூண் ஓரம் உட்கார்ந்தது. நான் காலை ஒடுக்கிக்கொண்டேன்.

பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று தெரியாது.

"ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம்."

கோயில் முழுக்க உடுப்புகள் சரசரத்தன. எல்லாரும் பக்கத்தாளைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் திரும்பினேன். அவன் தூணைப் பார்த்து நின்றான். இடது கை மட்டும் நெஞ்சுக்கு நேரே, பாதிக் கும்பிடு. விரல்கள் நேராக, அந்தப் பக்கம் ஒன்றுமில்லாமல்.

"ஏல" என்றேன்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். இன்னும் நல்ல வார்த்தையாகப் பேசியிருக்கலாம்.

திரும்பினான். அவனை நேருக்கு நேர் பார்த்தேன். கிழவனாகியிருக்கிறான். நான் வலது கையைத் தூக்கி, விரலுக்கு விரல் அவன் இடது கையோடு சேர்த்து வைத்தேன். எதிரெதிரே நின்றால் சரியாகப் பொருந்துகிறது. ஒரு கை அவனுடையது, ஒரு கை என்னுடையது, ஒரு முழுக் கும்பிடு. பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது.

"சமாதானம்" என்றேன்.

அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் என் முகத்தையே பார்த்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்:

"லோடு எறக்கியாச்சா அண்ணே?"

எவ்வளவு கொழுப்பு. கோயிலில், உயிர்ப்பு ஞாயிறு, பீடத்துக்கு முன்னால்.

"இப்பத்தான்ல எறக்கினேன்" என்றேன்.

சாமியார் அடுத்த ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். எல்லாரும் முழங்காலில் விழுந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். அவன் உட்காரத் தூணைப் பிடிக்க வேண்டும், பிடிக்கிற கையை நான் விடவில்லை.

ஏப்ரல் 10, திங்கள்

காலையில் எதிர்க்கடை ஷட்டரை நான் போய்த் தூக்கினேன். அசையவே இல்லை. ஆறு வருஷமாக எண்ணெய் காணாத ஷட்டர். அந்தப் பெண் செல்வராணி எப்படித்தான் தூக்கினாளோ. தம்பி வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பைய அண்ணே, பைய" என்று அதிகாரம் வேறு. கிரீஸ் டப்பா என் கடையிலிருந்துதான் கொண்டுபோனேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

நாளைக்கும் போக வேண்டும்.